பன்னாட்டு வணிக மேலாண்மை இளங்கலை: ஒரே பொருளைப் பிடித்துக்கொண்டு மூன்று ஆண்டுகளைப் படித்து முடிக்கும் வழி

பி.காம். இன்டர்நேஷனல் பிசினஸ் என்றாலும் பி.பி.ஏ. இன்டர்நேஷனல் பிசினஸ் என்றாலும் உள்ளே இருக்கும் பாடங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். நானும் அதைப் படித்துவிட்டு, திருப்பூரில் ஏற்றுமதி டாக்குமெண்டேஷனில் பல வருடம் இருந்தேன். இப்போது விடுமுறை நாட்களில் இந்தப் படிப்பில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

அவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒன்றே. பொருளாதாரத்துக்கு ஒரு நோட்டு, மார்க்கெட்டிங்குக்கு ஒரு நோட்டு, ஃபாரக்ஸுக்கு (அந்நியச் செலாவணி) ஒன்று, லாஜிஸ்டிக்ஸுக்கு (சரக்குப் போக்குவரத்து) ஒன்று என்று தனித்தனியாகப் படித்து, பரீட்சை முடிந்ததும் தனித்தனியாக மறந்துவிடுகிறார்கள். கடைசி செமஸ்டரில், "இந்த டி-ஷர்ட்டை துபாய்க்கு அனுப்ப என்ன விலை சொல்லுவாய்?" என்று கேட்டால் பேனா நகர்வதில்லை. பதிலுக்கு வேண்டிய எல்லாப் பாடத்தையும் படித்தவர்கள்தான். ஆனால் எதையும் ஒரு பொருளின் மேல் வைத்துப் பார்த்ததில்லை.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே யோசனையைச் சுற்றித்தான். முதல் மாதமே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். ஆறு செமஸ்டரில் வரும் ஒவ்வொரு தாளையும் அந்தப் பொருளில் செய்து பாருங்கள். நான் காட்டும் உதாரணம் திருப்பூர் பருத்தி டி-ஷர்ட், தூத்துக்குடி வழியாக துபாயின் ஜெபல் அலி துறைமுகத்துக்கு.

1. சேருவதற்கு முன்: பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள்

கல்லூரியின் விளம்பரத்தை விட்டுவிட்டு, பல்கலைக்கழக இணையதளத்தில் இருக்கும் பாடத்திட்டத்தை இறக்கிப் படியுங்கள். ஏற்றுமதி நடைமுறையும் ஆவணங்களும், அந்நியச் செலாவணி, லாஜிஸ்டிக்ஸ், விலை நிர்ணயம் அல்லது காஸ்ட் அக்கவுண்டிங், இன்டர்ன்ஷிப் ஆகிய ஐந்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள். முதல் இரண்டும் இல்லையென்றால் அது பொதுவான பி.பி.ஏ.தான், பெயர்ப்பலகை மட்டும் வேறு.

பி.காம். வகையில் கணக்கு அதிகம் இருக்கும், பி.பி.ஏ. வகையில் மேலாண்மைத் தாள்கள் அதிகம் இருக்கும். என் அபிப்பிராயம்: கணக்கைக் கண்டு பயம் இல்லாதவர்கள் பி.காம். எடுக்கலாம். ஏற்றுமதி அலுவலகத்தில் முதல் நாளே கையில் வருவது இன்வாய்ஸும் காஸ்டிங் ஷீட்டும்தான் (விலைக் கணக்குத் தாள்).

பிளஸ் டூவில் சயன்ஸ் எடுத்து வந்தவர்கள் கல்லூரி திறப்பதற்குள் இரண்டு வேலை முடிக்க வேண்டும். ஒன்று, டெபிட், கிரெடிட், லெட்ஜர், டிரயல் பேலன்ஸ் வரை அடிப்படைக் கணக்கியல். காமர்ஸ் பிள்ளைகளுக்கு இது தெரியும் என்று நினைத்து ஆசிரியர் வேகமாக ஓடிவிடுவார். இரண்டு, எக்செல். அதிலும் சதவீதக் கணக்கு, ஒரு செல்லை நிலைநிறுத்தி ஃபார்முலாவை இழுப்பது, வி-லுக்கப். இந்த மூன்றும் போதும். ஆறாவது பகுதியில் வரும் காஸ்டிங் ஷீட்டுக்கு இவைதான் வேண்டும்.

2. முதல் மாதம்: பொருளைத் தேர்ந்தெடுப்பது

நான்கு நிபந்தனை. பஸ்ஸில் போய்ப் பார்க்கிற தூரத்தில் அது தயாராக வேண்டும். கையில் தூக்கிப் பார்க்க முடிய வேண்டும். உண்மையிலேயே வெளிநாட்டுக்குப் போகிற சரக்காக இருக்க வேண்டும். அபாயகரமான சரக்கு வகையில் வரக்கூடாது.

கரூர்க்காரர்களுக்குக் கிச்சன் டவல், பொள்ளாச்சிக்காரர்களுக்குத் தென்னை நார்க்கழிவுக் கட்டி, ஈரோட்டுக்காரர்களுக்கு மஞ்சள், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் ஷூ, நாமக்கல்லில் முட்டை. முட்டை எடுத்தால் குளிர்சாதன கன்டெய்னர், கால்நடைச் சுகாதாரச் சான்று என்று கூடுதல் வேலை இருக்கும், ஆனால் நிறையக் கற்றுக்கொள்ளலாம். சிவகாசிப் பட்டாசை மட்டும் முதல் பொருளாக எடுக்காதீர்கள். வெடிபொருள் விதிகளே ஒரு தனிப் படிப்பு.

இங்கே நடக்கும் பெரிய தவறு, "ஆடைகள்" என்றோ "மசாலாப் பொருட்கள்" என்றோ அகலமாக எடுப்பது. அகலமான பெயருக்கு வரி விகிதமும் கிடையாது, பெட்டி அளவும் கிடையாது. "ஆண்களுக்கான, 100 சதவீதப் பருத்தி, வட்டக் கழுத்து, அரைக்கை, பின்னலாடை டி-ஷர்ட்" என்று சொல்லும் அளவுக்குக் குறுக்குங்கள்.

அடுத்து ஒரு மாதிரியை வாங்கி, எடை போட்டு, லேபிளைப் படித்து, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். சமையலறைத் தராசு போதும். என் மாணவி ஒருத்தி வீட்டில் இருந்த டி-ஷர்ட்டை நிறுத்துப் பார்த்து 180 கிராம் என்று எழுதினாள். மூன்று செமஸ்டர் கழித்து விமானக் கட்டணம் கணக்குப் போடும்போது அந்த 180 கிராமைத்தான் தேடி எடுத்தாள்.

3. ஹெச்.எஸ். கோடு: பொருளின் ஆதார் எண்

உலகச் சுங்க அமைப்பு வகுத்த ஹார்மனைஸ்டு சிஸ்டம் எண்ணின் முதல் 6 இலக்கம் அநேகமாக எல்லா நாட்டுக்கும் பொது. இந்தியா அதை 8 இலக்கமாக நீட்டி வைத்திருக்கிறது. வரி, புள்ளிவிவரம், சலுகை எல்லாமே இந்த எண்ணில்தான் தொங்குகின்றன. இதைத் தப்பாக எடுத்தால் பின்னால் செய்யும் அத்தனையும் தப்பு. அதனால்தான் இது மூன்றாவது படி.

கண்டுபிடிக்கும் வரிசை முக்கியம். முதலில் பிரிவுக் குறிப்பு, அடுத்து அத்தியாயக் குறிப்பு, அதன் பிறகு நான்கிலக்கத் தலைப்பு, கடைசியில் உட்பிரிவு. ஆடை என்றால் முதல் கேள்வி, பின்னிய துணியா நெய்த துணியா? பின்னியது 61-வது அத்தியாயம், நெய்தது 62. டி-ஷர்ட் 6109, அதில் பருத்தி 6109.10.

கூகுளில் "டி-ஷர்ட் ஹெச்.எஸ். கோடு" என்று போட்டு முதலில் வருவதை எழுதிக்கொண்டு வருகிறார்கள். ஒரு மாணவர் காலர் வைத்த போலோ டி-ஷர்ட்டை எடுத்துக்கொண்டு 6109 என்று எழுதியிருந்தார். கடைக்காரர் அதையும் டி-ஷர்ட் என்றுதான் விற்கிறார். ஆனால் ஆண்களுக்கான பின்னலாடைச் சட்டை 6105-ல் வருகிறது, காலரும் முன்பக்கப் பட்டன் திறப்பும் உள்ள போலோ அங்கேதான் போகும். 6109 தலைப்புக்கான விளக்கக் குறிப்பைப் படித்திருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது.

4. கோட்பாட்டுத் தாள்கள்: எண் போட்டுப் படியுங்கள்

முதலாண்டில் வரும் வணிகக் கோட்பாடுகளில் மாணவர்கள் மாட்டிக்கொள்வது ஒப்பீட்டு அனுகூலத்தில் (எதைச் செய்ய ஒரு நாடு மற்றதைக் குறைவாக விட்டுக்கொடுக்கிறதோ, அதில் அதற்கு அனுகூலம்). வரையறையை மனப்பாடம் செய்வார்கள், கணக்கு வந்தால் விட்டுவிடுவார்கள். பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ 1817-ல் போட்ட கணக்கையே ஒருமுறை கையால் போடுங்கள். ஒரு குறிப்பிட்ட அளவு துணிக்கு இங்கிலாந்தில் 100 பேரின் ஓராண்டு உழைப்பு, ஒயினுக்கு 120. போர்ச்சுகலில் துணிக்கு 90, ஒயினுக்கு 80.

இரண்டிலும் போர்ச்சுகல்தான் கெட்டி. பாதிப் பேர் இங்கேயே "அப்படியானால் இங்கிலாந்து விற்க எதுவும் இல்லை" என்று முடித்துவிடுவார்கள். அது முழு அனுகூலம், யார் குறைந்த உழைப்பில் செய்கிறார் என்று மட்டும் பார்ப்பது. இப்போது விட்டுக்கொடுப்பதைப் பாருங்கள். ஒரு பங்கு ஒயினுக்காக இங்கிலாந்து 120/100, அதாவது 1.2 பங்கு துணியை இழக்கிறது. போர்ச்சுகல் 80/90, சுமார் 0.89 பங்கைத்தான் இழக்கிறது. ஒயின் போர்ச்சுகலுக்கு, துணி இங்கிலாந்துக்கு.

மற்றக் கோட்பாடுகளுக்கு இவ்வளவு நேரம் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் உங்கள் பொருளை வைத்து ஒரு பத்தி எழுதி வைத்தால் போதும். ஒரு தொழில் ஓரிடத்தில் ஏன் ஜெயிக்கிறது என்பதை நான்கு முனையில் விளக்கும் போர்ட்டரின் வைரம் என்றால், நூல், சாயம், பிரிண்டிங், லேபிள் எல்லாம் திருப்பூரைச் சுற்றியே கிடைப்பதை "துணைத் தொழில்கள்" என்ற முனையில் எழுதுங்கள். பரீட்சையில் படம் மட்டும் வரைந்தவரையும் உதாரணம் எழுதியவரையும் திருத்துகிறவர் உடனே பிரித்துப் பார்த்துவிடுவார்.

5. இன்கோடெர்ம்ஸ்: விரிவாக்கத்தை விடுங்கள், கோடு போடுங்கள்

விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே செலவும் அபாயமும் எங்கே பிரிகின்றன என்று சொல்லும் விதிகள்தான் இன்கோடெர்ம்ஸ். பன்னாட்டு வணிகச் சபை வெளியிட்ட இன்கோடெர்ம்ஸ் 2020-ல் மொத்தம் 11 விதிகள். எல்லோரும் செய்வது, பதினொன்றுக்கும் ஆங்கில விரிவாக்கத்தை மனப்பாடம் செய்வது. அது இரண்டு மதிப்பெண் கேள்விக்கு உதவும், வேலைக்கு உதவாது.

ஒரு வெள்ளைத் தாளில் நீளமாகக் கோடு போட்டு, தொழிற்சாலை, தூத்துக்குடிச் சரக்கு நிலையம், கப்பல், ஜெபல் அலி, பையரின் குடோன் என்று ஐந்து புள்ளி வையுங்கள். ஒவ்வொரு விதிக்கும் இரண்டு நிறத்தில் அடையாளம் போடுங்கள். விற்பவரின் செலவு எங்கே முடிகிறது என்பது ஒரு நிறம், இழப்பு அபாயம் எங்கே கைமாறுகிறது என்பது இன்னொரு நிறம்.

முதலில் எக்ஸ் ஒர்க்ஸ், எஃப்.சி.ஏ. (வாங்குபவர் சொன்ன போக்குவரத்து நிறுவனத்திடம் ஒப்படைக்கும் வரை விற்பவர் பொறுப்பு), எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றும் வரை), சி.ஐ.எஃப்., டி.டி.பி. ஐந்தை மட்டும் போடுங்கள். எக்ஸ் ஒர்க்ஸில் எல்லாம் தொழிற்சாலை வாசலிலேயே முடிகிறது. டி.டி.பி.யில் இறக்குமதி வரி கட்டுவது வரை விற்பவர் தலையில். இந்த இரண்டு ஓரமும் பிடிபட்டால் நடுவில் இருப்பவை தானாக உட்காரும்.

இரண்டு நிறம் ஏன் என்றால் சி.ஐ.எஃப். தான் காரணம். அதில் கப்பல் கட்டணமும் காப்பீடும் ஜெபல் அலி வரை விற்பவர் கட்டுகிறார். ஆனால் அபாயம் தூத்துக்குடியில் சரக்கு கப்பலில் ஏறியதுமே வாங்குபவருக்குப் போய்விடுகிறது. நடுக்கடலில் சரக்கு நனைந்தால் காப்பீட்டு நிறுவனத்திடம் போக வேண்டியவர் வாங்குபவர். ஒரே நிறத்தில் படித்தவர்கள் இந்தக் கேள்வியில் எப்போதும் தவறுகிறார்கள்.

அடுத்த தவறு, கன்டெய்னர் சரக்குக்கு யோசிக்காமல் எஃப்.ஓ.பி. எழுதுவது. நடைமுறையில் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் கன்டெய்னர் சரக்கை ஏற்றுமதியாளர் சரக்கு நிலையத்திலோ டெர்மினலிலோ ஒப்படைத்துவிடுகிறார். அதற்குப் பிறகு கப்பலில் ஏறும் வரை என்ன நடந்தாலும் எஃப்.ஓ.பி.யில் அபாயம் அவருடையதே, கட்டுப்பாடு மட்டும் அவர் கையில் இல்லை. அந்த இடைவெளிக்குத்தான் எஃப்.சி.ஏ. இருக்கிறது. நடைமுறை ஒன்று, சரியான விதி இன்னொன்று என்று இரண்டையும் விடைத்தாளில் எழுதுங்கள்.

விதியை எழுதினால் இடத்தையும் பதிப்பையும் சேர்த்து எழுத வேண்டும்: "எஃப்.சி.ஏ. தூத்துக்குடி, இன்கோடெர்ம்ஸ் 2020". இடம் இல்லாத விதியை வைத்து யாரும் செலவைப் பிரிக்க முடியாது. சரக்கின் உரிமை எப்போது மாறுகிறது என்பதை இன்கோடெர்ம்ஸ் சொல்வதில்லை, அது விற்பனை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டிய விஷயம்.

6. காஸ்டிங்: இந்தப் படிப்பின் நடுத்தூண்

மூன்றாம் அல்லது நான்காம் செமஸ்டரில் இதைச் செய்யுங்கள். அதற்கு முன்னால் ஹெச்.எஸ். கோடு, பெட்டி அளவு, இன்கோடெர்ம்ஸ் மூன்றும் கையில் இருக்க வேண்டும். கீழே உள்ள விலைகள் பயிற்சிக்காக நான் வைத்தவை. நீங்கள் விசாரித்த விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆர்டர் 6,000 பீஸ். ஒரு பெட்டிக்கு 48 பீஸ் என்றால் 125 பெட்டி. பெட்டி 60 × 40 × 40 செ.மீ., அதாவது 0.096 கன மீட்டர். மொத்தம் 12 கன மீட்டர். பெட்டி எடை 10 கிலோ வைத்தால் மொத்தம் 1,250 கிலோ. 20 அடி கன்டெய்னரின் உள்ளளவு சுமார் 33 கன மீட்டர். அடுக்கும்போது வீணாகும் இடம் போக 28 வரை ஏற்றலாம். நம் சரக்கு பாதிகூட இல்லை. எனவே பிறர் சரக்கோடு சேர்த்து அனுப்பும் எல்.சி.எல். முறை.

பெட்டிக் கணக்கை முதலில் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. கப்பல்காரர் ஒரு கன மீட்டரையும் ஒரு டன்னையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம் வாங்குவார். இங்கே 12-ம் 1.25-ம், எனவே 12-க்குக் கட்டணம். விமானத்தில் போனால் 6,000 கன செ.மீ.க்கு ஒரு கிலோ என்ற கணக்கு. நம் பெட்டி 96,000 கன செ.மீ., அதாவது 16 கிலோ. தராசு 10 கிலோ காட்டினாலும் கட்டணம் 16 கிலோவுக்குத்தான். எடையை மட்டும் பார்த்து விமானக் கட்டணம் சொன்ன மாணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது விலை. தொழிற்சாலை விலை பீஸுக்கு ₹210, மொத்தம் ₹12,60,000. தூத்துக்குடிக்கு லாரி ₹18,000. சுங்க முகவர், சரக்கு நிலையம், துறைமுகச் செலவு ₹32,000. எஃப்.ஓ.பி. ₹13,10,000. டாலர் ₹85 என்று வைத்தால் 15,411.76 டாலர். பீஸுக்கு 2.57.

கப்பல் கட்டணம் கன மீட்டருக்கு 50 டாலர் என்றால் 600 டாலர். சேர்த்தால் சி.எஃப்.ஆர். (சரக்கு விலையும் கப்பல் கட்டணமும்) 16,011.76.

காப்பீடுதான் எல்லோரும் தவறும் இடம். சி.ஐ.எஃப். மதிப்பின் 110 சதவீதத்துக்குக் காப்பீடு எடுக்க வேண்டும். அந்த மதிப்புக்குள்ளேயே காப்பீட்டுத் தொகையும் அடக்கம். எனவே சி.எஃப்.ஆர்.-ஐ அப்படியே பெருக்கக் கூடாது, வகுக்க வேண்டும். கட்டணம் 0.2 சதவீதம் என்றால், 16,011.76-ஐ (1 − 1.1 × 0.002), அதாவது 0.9978-ஆல் வகுத்தால் சி.ஐ.எஃப். 16,047.06. காப்பீடு 35.30 டாலர். பெருக்கியவர்களுக்கு 35.23 வரும். எட்டு சென்ட்டுக்குள்தான் வித்தியாசம், ஆனால் முறை தெரிந்தவரா இல்லையா என்று அதுதான் காட்டும்.

இன்னும் மூன்று தவறுகள். ஏற்றுமதி விலையில் ஜி.எஸ்.டி.யைக் கூட்டுவது. ஏற்றுமதி பூஜ்ய வரி விற்பனை. எல்.யு.டி. (உறுதிமொழிக் கடிதம்) கொடுத்து வரி கட்டாமல் அனுப்பலாம், அல்லது கட்டிவிட்டுத் திரும்பப் பெறலாம். அடுத்தது, டியூட்டி டிராபேக் (மூலப்பொருளில் அடங்கிய வரியை அரசு திருப்பித் தருவது) போலத் திரும்பி வரும் பணத்தை லாபத்தோடு கலந்துவிடுவது. அதற்கு ஷீட்டில் தனி வரிசை வையுங்கள், இல்லையென்றால் அந்தச் சலுகை குறைந்த அன்று விலை எங்கே உடைந்தது என்று தெரியாது. மூன்றாவது, டாலர் விலையை ஃபார்முலாவுக்குள் தட்டிவிடுவது. அதைத் தனி செல்லில் வைத்து மற்ற எல்லாவற்றையும் அதனோடு இணையுங்கள்.

ஏன் என்று செய்து பாருங்கள். எஃப்.ஓ.பி. 2.57 டாலர் என்று பையரிடம் சொல்லியாகிவிட்டது. மொத்தம் 15,420 டாலர். பணம் வரும் நாளில் டாலர் ₹83 ஆகிவிட்டால் கையில் ₹12,79,860. ₹85-ல் வந்திருக்க வேண்டியது ₹13,10,700. பீஸுக்கு ₹5.14 போய்விட்டது. தொழிற்சாலை விலையில் உங்கள் லாபம் ₹12 என்றால் அதில் நாற்பது சதவீதத்துக்கு மேல் காலி. ஃபாரக்ஸ் தாளில் வரும் ஃபார்வர்டு கான்ட்ராக்ட் (டாலர் விலையை வங்கியோடு முன்கூட்டியே பேசி வைப்பது) இந்த ₹5.14-க்காகத்தான் என்று தெரிந்து படித்தால் அந்தத் தாள் சுலபமாகிவிடும்.

7. பணம் வரும் வழி: எல்.சி.யைக் காகிதமாகப் பாருங்கள்

முன்பணம், எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட், ஆவணம் சரியாக இருந்தால் பணம் தருவதாக வங்கி தரும் உறுதி), டி.பி. (பணம் கட்டினால் ஆவணம்), டி.ஏ. (பிறகு கட்டுவதாக ஏற்றுக்கொண்டால் ஆவணம்), ஓப்பன் அக்கவுண்ட் (சரக்கு போன பிறகு கடனாகப் பணம்). விற்பவருக்கு அபாயம் கூடிக்கொண்டே போகும் வரிசை இதுதான். இதே வரிசையில் நினைவில் வையுங்கள், வாங்குபவருக்குத் தலைகீழ்.

எல்.சி.யில் ஒரே விஷயம் புரிந்தால் மீதி புரியும்: வங்கி பார்ப்பது காகிதத்தை, சரக்கை அல்ல. 2007 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள யு.சி.பி. 600 என்ற எல்.சி. விதிகளின் அடித்தளமே இதுதான். டி-ஷர்ட் அருமையாக இருந்தாலும் காகிதம் ஒத்துப்போகவில்லை என்றால் வங்கி பணம் தர வேண்டியதில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் எனக்கே இது நேர்ந்தது. எல்.சி.யில் பொருள் விவரம் "100 சதவீதம் காட்டன்" என்று தொடங்கியது. நான் தயாரித்த இன்வாய்ஸில் "காட்டன்" மட்டும் இருந்தது. பருத்தி என்பது பருத்திதானே என்று நினைத்துவிட்டேன். வங்கி அதை முரண்பாடு என்று குறித்தது. பையர் அதைப் பிடித்துக்கொண்டு விலையைக் குறைக்கச் சொன்னார், நிறுவனமும் குறைத்துக் கொடுத்தது. அன்று முதல் இன்வாய்ஸில் பொருள் விவரத்தை எல்.சி.யில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து எடுத்துப் போடுவேன். மற்ற ஆவணங்களில் முரண்படாத பொதுப்பெயர் இருந்தால் போதும், இன்வாய்ஸுக்கு அந்தச் சலுகை இல்லை.

பயிற்சிக்கு ஒரு தேதிக் கணக்கு. கடைசிக் கப்பல் தேதி ஜூன் 20. எல்.சி. முடிவது ஜூலை 5. கப்பலேறிய 15 நாளுக்குள் ஆவணம் தர வேண்டும் என்று எல்.சி. சொல்கிறது. பில் ஆஃப் லேடிங்கில் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) கப்பலேறிய தேதி ஜூன் 18. ஆவணத்தை எதற்குள் தர வேண்டும்? ஜூலை 5 என்பார்கள். சரியான விடை ஜூலை 3. எல்.சி.யில் நாள் எதுவும் சொல்லவில்லை என்றால் 21 நாள் என்பது விதி, அப்போது ஜூலை 9 வரும். ஆனால் எல்.சி. ஜூலை 5-லேயே முடிவதால் ஜூலை 5-தான் கடைசி. இரண்டு தேதியில் எது முந்தியதோ அதுவே கெடு.

8. எந்த நாடு: பெரிய சந்தை என்பதற்காகப் போகாதீர்கள்

ஐந்தாம் செமஸ்டர் புராஜெக்டில் முக்கால்வாசிப் பேர் அமெரிக்காவைத் தேர்ந்தெடுப்பார்கள், "அதிகம் இறக்குமதி செய்கிறது" என்ற ஒரே காரணத்துக்காக. 2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா பல இந்தியச் சரக்குகளுக்குக் கூடுதல் வரியை 50 சதவீதமாக்கியபோது திருப்பூரில் என்ன நடந்தது என்று கண்ணால் பார்த்தோம். ஆர்டர்கள் நின்றன, பையர்கள் தள்ளுபடி கேட்டார்கள். வரி எந்த நேரமும் மாறும், அதனால் புராஜெக்ட் எழுதும் வாரத்தில் இருக்கும் விகிதத்தையே எடுங்கள்.

ஜெனீவாவில் உள்ள பன்னாட்டு வணிக மையத்தின் வணிகப் புள்ளிவிவரத் தளமான டிரேட் மேப்பிலும் நம் வணிக அமைச்சகத்தின் தரவு வங்கியிலும் உங்கள் 6 இலக்க எண்ணைப் போடுங்கள். ஐந்து ஆண்டு வளர்ச்சி, அந்த நாடு இப்போது யாரிடம் வாங்குகிறது, அதில் இந்தியாவின் பங்கு ஆகிய மூன்றையும் பாருங்கள். டிரேட் மேப் பல இடங்களில் ஆயிரம் டாலரில் காட்டும். அலகைப் பார்க்காமல் எழுதி, மூன்று பூஜ்யம் குறைந்துபோன அறிக்கைகள் வருடா வருடம் வருகின்றன.

அடுத்தது வரி. ஐக்கிய அரபு அமீரகத்தில் பொதுவான இறக்குமதி வரி பெரும்பாலான பொருட்களுக்கு 5 சதவீதம். இந்தியாவுடனான செபா (விரிவான பொருளாதாரக் கூட்டாண்மை) ஒப்பந்தம் 2022 மே 1 முதல் நடப்பில் இருக்கிறது. "ஒப்பந்தம் இருக்கிறது, எனவே வரி இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். உங்கள் எண் சலுகைப் பட்டியலில் இருக்க வேண்டும், பொருள் தோற்ற விதியில் (எந்த நாட்டில் உருவான பொருள் என்று தீர்மானிக்கும் விதி) தேற வேண்டும், அதற்கான தோற்றச் சான்றிதழ் சரக்கோடு போக வேண்டும். நூலோ துணியோ வேறு நாட்டிலிருந்து வந்ததா என்ற கேள்வி இங்கேதான் முக்கியமாகிறது. சான்றிதழ் இல்லாமல் போன சரக்குக்கு வாங்குபவர் முழு வரியும் கட்டுவார்.

9. இன்டர்ன்ஷிப்: ஒரு கோப்பு, முதல் காகிதம் முதல் கடைசி காகிதம் வரை

நான்காம் செமஸ்டர் விடுமுறை சரியான நேரம். அதற்கு முன் போனால் பார்ப்பது புரியாது, அதற்குப் பின் போனால் புராஜெக்டுக்கு நேரம் இருக்காது. பெரிய நிறுவனத்தின் பெயருக்காக ஹெச்.ஆர். துறையில் போய் உட்காராதீர்கள். சிறிய சுங்க முகவர் அலுவலகம், ஃபார்வர்டர் (சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்பவர்), அல்லது ஏற்றுமதி நிறுவனத்தின் டாக்குமெண்டேஷன் மேசை. அங்கே இரண்டு வாரம் போதும்.

முதல் நாளே மேசையில் இருப்பவரிடம், "அண்ணா, முடிஞ்சுபோன ஒரு ஷிப்மென்ட் ஃபைல் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கோப்பைக் கேட்டால் தரமாட்டார்கள், தரவும் கூடாது. பையர் பெயர், விலை இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டாம், அறிக்கையில் "பையர் அ" என்றே எழுதுங்கள். இந்த நம்பிக்கையைக் காப்பாற்றினால் அடுத்த கோப்பை அவர்களே எடுத்துத் தருவார்கள்.

கோப்பைத் தேதி வரிசைப்படி அடுக்கிப் பாருங்கள். பர்ச்சேஸ் ஆர்டர், இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்டும், சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் தாக்கலான ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்கான சுங்க விண்ணப்பம்), சுங்க அதிகாரியின் ஏற்றுமதி அனுமதி, பில் ஆஃப் லேடிங், தோற்றச் சான்றிதழ், வங்கிக்குப் போன கடிதம், பணம் வந்ததற்கான சான்று. பாடப்புத்தகத்தில் இவை அகரவரிசையிலோ வகைவகையாகவோ இருக்கும். தேதி வரிசையில் பார்த்தால்தான் எந்தக் காகிதம் எதற்குக் காத்திருக்கிறது என்று தெரியும். ஏற்றுமதி அனுமதி வராமல் சரக்கு கப்பலேறாது, கப்பலேறாமல் "ஷிப்டு ஆன் போர்டு" என்ற முத்திரையோடு பில் ஆஃப் லேடிங் வராது, அது இல்லாமல் வங்கிக்குப் போக முடியாது.

அறிக்கையில் நிறுவன வரலாறும் தொலைநோக்கும் நோக்கமும் பத்துப் பக்கம் எழுதாதீர்கள். இந்த ஒரு கோப்பின் பயணத்தை எழுதி, எந்த இடத்தில் எத்தனை நாள் நின்றது, ஏன் நின்றது என்று சொல்லுங்கள்.

10. கடைசி செமஸ்டர்: கோப்பைக் கட்டி வேலை தேடுவது

இதற்குள் உங்கள் பொருளின் கோப்பு தானாகவே உருவாகியிருக்கும். எடைக் குறிப்பு, ஹெச்.எஸ். கோடும் அதற்கான காரணமும், இன்கோடெர்ம்ஸ் கோட்டுப் படம், காஸ்டிங் ஷீட், மாதிரி இன்வாய்ஸ், நாட்டுத் தேர்வு. மொத்தம் இருபது பக்கம் வரும். மாதிரி ஆவணங்களில் "பயிற்சிக்கு மட்டும்" என்று பெரிதாக எழுதிவிடுங்கள்.

வேலைக்கான கதவுகள் பல. மெர்ச்சன்டைசர் (பையருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே ஆர்டரைக் கவனிப்பவர்), டாக்குமெண்டேஷன், ஃபார்வர்டரின் கஸ்டமர் சர்வீஸ், வங்கியின் டிரேட் ஃபைனான்ஸ் பிரிவு. சுங்கப் பணி பிடித்திருந்தால் முகவர் அலுவலகத்தில் சேர்ந்து, அனுபவத்தோடு சுங்க முகவர் தேர்வை நோக்கிப் போகலாம். எம்.பி.ஏ. செய்ய நினைப்பவர்கள் ஒரு வருடமாவது வேலை பார்த்துவிட்டுப் போவது நல்லது என்பது என் எண்ணம்.

நேர்காணலில் கோட்பாடு கேட்பது அபூர்வம். ஒரு இன்வாய்ஸையும் பேக்கிங் லிஸ்டையும் பக்கத்தில் வைத்து, "இதில் என்ன தப்பு?" என்பார்கள். அதற்குப் பழக, நண்பர் ஒருவரிடம் உங்கள் மாதிரி ஆவணங்களைக் கொடுத்து, உங்களுக்குத் தெரியாமல் மூன்று இடத்தில் மாற்றச் சொல்லுங்கள். பெட்டி எண்ணிக்கையில் ஒன்று, நிகர எடையில் ஒன்று, இன்கோடெர்ம்ஸ் இடப்பெயரில் ஒன்று. பத்து நிமிடத்துக்குள் மூன்றையும் பிடிக்கும் வரை வாரம் ஒருமுறை செய்யுங்கள்.